உலகக் கிண்ணமும் ஒரு நகரமும்

பள்ளிக்கூடத்துப் பூமிசாத்திர நூல்களிலே நன்னம்பிக்கை முனை என்னும் பெயரைப் படித்த நேயர்கள் பலர் இருப்பீர்கள். ஆபிரிக்காக் கண்டத்தின் தென்மேற்குக் கோடியிலே, அம்முனைக்குச் சற்று வடக்கே, வாளால் அறுத்துச் சமமாக்கி வைத்தாற்போன்ற உச்சியையுடைய மலையொன்று கடலை நோக்கி நிற்கின்றது. மேசைமலை என்பது அதன் பெயர். அம்மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திலே பிறந்து, பின்னர் கிழக்கேயுள்ள மணற் சமவெளியெங்கும் பரந்து கிடப்பது கேப்டவுன் மாநகரம். ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கொம்பனி 1652ஆம் ஆண்டில் தன் கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் கொடுப்பதற்கென அமைத்த தங்குமிடமே இந்நகரின் தொடக்கம். அதே கொம்பனி இலங்கையின் கரையோரப் பகுதிகளையும் ஆண்டமையால், இங்கிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் அடிமைகளாக அங்கே கொண்டுசெல்லப்பட்டோரும் உண்டு. ஆகவே இந்நகரம் நமக்கு முற்றாக அந்நியமானதொன்றன்று.

2010ஆம் ஆண்டு யூன் 11ஆந் திகதி தொடக்கம் யூலை 6ஆந் திகதி வரையுள்ள 26 நாட்களுக்குள், உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டியின் எட்டு ஆட்டங்கள் இந்நகரிலே நடைபெற்றன. எட்டு ஆட்டங்களென்றால், மேலதிக நேரம் எதுவுமின்றிக் கணக்கிடின், பன்னிரண்டு மணித்தியாலங்கள். இந்தப் பன்னிரண்டு மணித்தியாலங்களுக்காக ஒரு நகரம் எவ்வளவு மாறவேண்டியிருந்தது, அம்மாற்றத்தால் யார் பயனடைந்தனர், யார் இடம்பெயர்ந்தனர், ஆட்டக்காரர் சென்ற பின்னர் அங்கே எஞ்சியது யாது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் நன்று. உலகக் கிண்ணத்தைக் கேட்டு விண்ணப்பிப்பது ஒரு நாடு. அதனை உண்மையாகச் சுமப்பதோ நகரம். தென்னாபிரிக்கா 2006ஆம் ஆண்டுப் போட்டிக்கு விண்ணப்பித்து, 2000ஆம் ஆண்டில் நடந்த வாக்கெடுப்பிலே ஒரேயொரு வாக்கினால் செர்மனியிடம் தோல்வியுற்றது. பின்னர் 2004ஆம் ஆண்டு மே 15ஆந் திகதி சூரிச் நகரிலே 2010ஆம் ஆண்டுப் போட்டி அதற்கு வழங்கப்பட்டது. அன்று தெருக்களிலே மக்கள் ஆடிப் பாடியதை உலகம் கண்டது. நிறவெறி ஆட்சி ஒழிந்து பத்தாண்டுகளே கழிந்திருந்த ஒரு தேசத்துக்கு அது வெறும் விளையாட்டுச் செய்தியாக இருந்திருக்க முடியாது. அதன் பின்னர் ஒன்பது நகரங்கள் தெரிவுசெய்யப்பட்டன. ஒவ்வொரு நகரமும் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்தோடு ஒப்பந்தஞ் செய்துகொண்டது. அரங்கு எவ்வளவு பெரிதாயிருத்தல் வேண்டும், அதனைச் சுற்றி யார் எதனை விற்கலாம், எவருடைய விளம்பரம் தொங்கலாம் என்பன யாவும் அவ்வொப்பந்தங்களில் அடங்கும். அவற்றை நிறைவேற்றுதற்குப் பாராளுமன்றம் விசேட சட்டங்களை இயற்றியது. நகரசபைகள் உபவிதிகளை ஆக்கின. ஒரு விளையாட்டுச் சம்மேளனத்துக்காக ஒரு தேசத்தின் சட்டப் புத்தகத்திலே புதிய பக்கங்கள் சேர்க்கப்பட்டன என்பதைக் கவனித்தல் வேண்டும்.

கேப்டவுனில் எழுந்த முதற் கேள்வி: அரங்கு எங்கே?

இந்தக் கேள்விக்கு மூன்று விடைகள் இருந்தன. மூன்றும் மூன்று வேறு நகரங்களைக் காட்டும் விடைகள் என்றே சொல்லலாம். முதலாவது நியூலண்ட்ஸ். மேசைமலையின் கிழக்குச் சாரலிலே, செல்வர் வாழும் பகுதியிலே, 1890ஆம் ஆண்டு முதல் றகர் ஆட்டம் நடைபெற்று வந்த பழம்பெரும் மைதானம் அது. விண்ணப்பப் பத்திரத்திலே குறிக்கப்பட்டிருந்ததும் அதுவே. இருந்த அரங்கைத் திருத்தினாற் போதும், செலவு குறைவு. ஆயின் அரையிறுதி ஆட்டம் வேண்டுமெனின் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட இருக்கைகள் தேவை. நியூலண்ட்ஸ் அதற்குப் போதாது.

இரண்டாவது அத்லோன். இதனைப் புரிந்துகொள்ளுதற்கு நகரின் பழைய காயமொன்றை நினைத்தல் வேண்டும். நகர மத்திக்கு அருகே ஆறாம் வட்டாரம் என்றொரு பகுதி இருந்தது. கலப்பினத்தவர், முஸ்லிம்கள், இந்தியர், கறுப்பினத்தவர் எனப் பலரும் நெருங்கி வாழ்ந்த இடம். 1966ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆந் திகதி அது வெள்ளையருக்கு மட்டுமே உரியதெனப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கிருந்து கிளப்பப்பட்டு, காற்று வீசும் மணற் சமவெளிக்கு அனுப்பப்பட்டனர். அவ்வாறு சென்றோர் குடியேறிய பகுதிகளில் ஒன்று அத்லோன். அங்கே ஏற்கெனவே ஓர் உதைபந்தாட்ட அரங்கு இருந்தது. முக்கியமாக, உதைபந்தாட்டத்தை உயிரென நேசிக்கும் சனங்கள் வாழ்வது அப்பகுதியிலேதான். தென்னாபிரிக்காவிலே நெடுங்காலமாக றகர் ஆட்டமும் கிரிக்கெட்டும் வெள்ளையர் ஆட்டங்களாகவும், உதைபந்தாட்டம் பெரும்பான்மையோரின் ஆட்டமாகவும் கருதப்பட்டு வந்தன. அத்லோனிலே பெரிய அரங்கு எழுமாயின் அதனோடு வீதியும் புகையிரதப் பாதையும் கடைகளும் அப்பகுதிக்கு வரும். வரலாறு செய்த அநீதிக்கு ஒரு சிறு பரிகாரமாகவும் அமையும் என்று நகரசபையிலே பலர் வாதித்தனர்.

மூன்றாவது கிரீன் பொயின்ற். நகர மத்திக்கு மேற்கே, துறைமுகத்துக்கு அண்மையிலே, கடலோரமாகப் பரந்து கிடந்த பொது வெளி அது. முன்னே அத்திலாந்திக் சமுத்திரம், பின்னே மேசைமலை. பெரிய விடுதிகள் யாவும் நடந்து செல்லக்கூடிய தூரத்தில் உள்ளன. அவ்விடத்தைப் பார்வையிட்ட சம்மேளனத்தாருக்கு அதுவே பிடித்துக்கொண்டது. ஆட்டத்தின் இடையிலே ஒளிப்படக் கருவி மேலெழுந்து காட்டும்போது உலகத்தின் வீடுகளிலே தெரியவேண்டிய காட்சி மலையும் கடலுமா, தகரக் குடிசைகளா? இதனை இவ்வளவு வெளிப்படையாக யாரும் முடிவு ஏட்டில் எழுதமாட்டார்கள். எனினும் தெரிவு அப்படியே அமைந்தது. அத்லோனின் அரங்கு பயிற்சி மைதானமாகத் திருத்தப்படும் அளவோடு நின்றது.

ஈண்டு ஓர் இடைக்குறிப்புச் சொல்லாமற் செல்ல மனம் ஒப்பவில்லை. போவர் யுத்தத்தின்போது, 1900ஆம் ஆண்டளவில், பிரித்தானியர் கைதுசெய்த போவர் வீரர்களை அடைத்துவைத்த முகாம்களுள் ஒன்று இந்தக் கிரீன் பொயின்ற் வெளியிலே இருந்தது. அந்த யுத்தத்திலே கைதானவர்களில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் கப்பலேற்றி இலங்கைக்குக் கொணரப்பட்டுத் தியத்தலாவையிலே சிறைவைக்கப்பட்டனர். இன்னுமொன்று: கிரீன் பொயின்ற் கரையிலிருந்து பார்த்தால் கடலிலே தெரிவது ரொபன் தீவு. நெல்சன் மண்டேலா பதினெட்டு ஆண்டுகள் சிறையிருந்த தீவு அது. அங்கேயிருந்த அரசியற் கைதிகள் பலமுறை கேட்டுப் போராடி, 1960களின் பிற்பகுதியிலே உதைபந்தாடும் உரிமையைப் பெற்றனர். மக்கானா உதைபந்தாட்டச் சங்கம் என்றொரு சங்கத்தை நிறுவி, சர்வதேசச் சம்மேளனத்தின் விதிநூலையே ஆதாரமாகக் கொண்டு, மத்தியஸ்தர், முறைப்பாட்டுக் குழு, புள்ளி அட்டவணை யாவும் வைத்து ஆண்டுக்கணக்காக ஆடினர். 2007ஆம் ஆண்டிலே சம்மேளனம் அச்சங்கத்துக்குக் கௌரவ அங்கத்துவம் வழங்கிற்று. கிரீன் பொயின்ற் அரங்குக்கு இத்தகைய ஒரு பின்னணி தற்செயலாக வாய்த்தது. அதனைத் தெரிந்தவர்கள் கருதியது மலையையேயன்றித் தீவையன்று என்பது என் எண்ணம்.

கிரீன் பொயின்ற் வாசிகள் இத்தெரிவை மகிழ்ந்து ஏற்றுக்கொண்டனர் என்று நினைத்தல் தவறு. பொது வெளி பறிபோகின்றதென்றும், கடற்காட்சி மறைகின்றதென்றும், கூட்டமும் கூச்சலும் நிரந்தரமாகிவிடுமென்றும் கூறி அவர்கள் எதிர்த்தனர். வழக்குத் தொடுக்கவும் முனைந்தனர். 2006ஆம் ஆண்டு மார்ச் மாதத் தேர்தலின் பின்னர் நகரபிதாவாகிய எலன் சில்லே அம்மையாரும் முதலில் ஐயங்களையே கிளப்பினார். கட்டுவதற்கான பணத்தில் பெரும்பகுதியை மத்திய அரசாங்கத்தின் திறைசேரி ஏற்பதாயினும், கட்டிய பின்னர் அதனைக் காத்துப் பராமரிப்பது யார் என்பதே கேள்வி. ஆயினும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. இத்தகைய போட்டிகளின் இயல்பு அதுவே: தொடக்கத் திகதி அசையாது, மற்றவையெல்லாம் அதற்கு ஏற்ப அசைந்து கொடுக்கவேண்டும். 2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அத்திவாரம் தோண்டப்பட்டது.

அரங்கு கட்டும் வேலையைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்லத் தக்கன. தொழிலாளரின் வேலைநிறுத்தம் ஒன்று. 2009ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நாடெங்கும் ஏறத்தாழ எழுபதினாயிரம் கட்டடத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். உலகக் கிண்ணத்துக்கு ஓராண்டுகூட இல்லாத வேளை. தலைநிமிர்ந்து கேட்க அதைவிட நல்ல காலம் அவர்களுக்கு வாய்த்திராது. ஒரு வாரத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதச் சம்பள உயர்வோடு அவர்கள் வேலைக்குத் திரும்பினர். மற்றது கம்பனிகளின் கதை. திகதி அசையாதென்பதை அவர்களும் அறிந்திருந்தனர். பெரிய கட்டடக் கம்பனிகள் தமக்குள்ளே கூடிப் பேசி, இந்த அரங்கு உனக்கு, அந்த அரங்கு எனக்கு என்று பங்கிட்டு, விலைமனுக்களை அதற்கேற்ப இட்டதாகப் பின்னர் வெளியாயிற்று. 2013ஆம் ஆண்டு யூன் மாதத்திலே தென்னாபிரிக்காவின் வர்த்தகப் போட்டி ஆணைக்குழு, அரங்குகள் உட்படப் பல வேலைகளில் இவ்வாறு கூடிச்செய்த 15 கம்பனிகளுக்கு 146 கோடி ராண்ட் தண்டம் விதித்த செய்தி வெளியாயிற்று. கிரீன் பொயின்ற் அரங்கு முடிந்தபோது அதற்குச் சென்ற செலவு சுமார் 440 கோடி ராண்ட். தொடக்கத்தில் மதிப்பிட்டதற்கும் இதற்கும் வெகுதூரம். அவசரத்தில் வீடு கட்டுபவனிடம் மேசன் கேட்பதே கூலி என்று நம் ஊரிலும் அறிந்திருக்கின்றோம்.

கட்டடம் அழகானதென்பதை மறுத்தல் கூடாது. வெளிப்புறமெங்கும் கண்ணாடி நாரினால் நெய்த வலைபோன்ற துணி போர்த்தப்பட்டுள்ளது. காலையில் ஒரு நிறம், அந்தியில் ஒரு நிறம், இரவில் உள்விளக்கு எரிகையில் வேறொரு நிறம். கடலிலே வரும் கப்பலிலிருந்து பார்ப்போருக்கு மலையடியில் யாரோ ஒரு பெரிய வெண்கிண்ணத்தை வைத்துவிட்டுச் சென்றாற்போல் தோன்றும்.

இனி, விருந்தினர் வருமுன் வீட்டைத் துப்புரவு செய்யும் படலம். நம் வீடுகளிலே அதற்குச் சுண்ணாம்பும் தும்புத்தடியும் போதும். ஒரு நகரத்தைத் துப்புரவு செய்வதென்பது பெரும்பாலும் அதன் ஏழைகளைக் கண்ணிலிருந்து அகற்றுவதாகவே முடிகின்றது. விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் பெருவீதியின் ஓரத்திலே யோ சிலோவோ என்னும் குடிசைக் குடியிருப்பு இருந்தது. அங்கே ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் வாழ்ந்தனர். அவர்களை அகற்றி அவ்விடத்தில் வீடமைப்புத் திட்டமொன்றை நிறைவேற்ற அரசாங்கம் முயன்றது. 2009ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அரசியலமைப்பு நீதிமன்றம் சில நிபந்தனைகளோடு அதற்கு இடங்கொடுத்தது. எனினும் அக்கட்டளை நிறைவேற்றப்படவேயில்லை. 2011ஆம் ஆண்டில் நீதிமன்றமே அதனை நீக்கிவிட்டது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர்.

எல்லோருக்கும் அவ்வாறு வாய்க்கவில்லை. விமான நிலையத்துக்கு அப்பால், டெல்ப்ட் என்னும் பகுதியிலே, நகரசபை ஒரு தற்காலிகக் குடியிருப்பை அமைத்தது. நெளிதகரத்தாலான ஒற்றை அறைகள் நிரை நிரையாக, மணலின் மேல். கோடையில் அடுப்பு, மாரியில் குளிர்ப்பெட்டி. அங்கே குடியேற்றப்பட்டோர் அதற்கு இட்ட பெயர் பிளிக்கீஸ்டோர்ப். தகர ஊர் என்பது பொருள். நகரின் பல பாகங்களிலே வெளியேற்றப்பட்டோர் அங்கே கொண்டுவந்து விடப்பட்டனர். உலகக் கிண்ணத்துக்காகவே தாம் அகற்றப்பட்டதாக அவர்களிற் பலர் சொன்னார்கள். இல்லை, வீடில்லாதோருக்கு அவசர உதவியாகவே அது அமைக்கப்பட்டதென்று நகரசபை சொல்லிற்று. இரண்டிலும் ஓரளவு உண்மை இருத்தல் கூடும். தற்காலிகம் என்று சொல்லப்பட்ட அவ்விடத்திலே போட்டி முடிந்து பல்லாண்டுகள் சென்ற பின்னரும் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன என்பது மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதது.

தெருவோர வியாபாரிகளின் கதையும் இதனோடு சேர்ந்ததே. பெரும் போட்டி வருகின்றது, சனங்கள் வருவார்கள், சோளப்பொரியும் தொப்பியும் கொடியும் விற்றுப் பிழைக்கலாமென்று எண்ணியோர் ஆயிரக்கணக்கானோர். ஆயின் அரங்கைச் சுற்றியும், மக்கள் கூடும் பிரதான இடங்களைச் சுற்றியும் ஓர் எல்லை வகுக்கப்பட்டது. சம்மேளனத்தின் அனுமதி பெற்றோரின் பொருள்களையே அதற்குள் விற்கலாம். நகர மண்டபத்தின் முன்னுள்ள கிறாண்ட் பரேட் மைதானத்திலே தலைமுறை தலைமுறையாகக் கடை போட்டவர்களும் அம்மாதம் விலகி இருக்கவேண்டியதாயிற்று. 1990ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆந் திகதி விடுதலையான மண்டேலா மக்கள் முன் தோன்றிப் பேசியது அந்த மைதானத்திலேதான்.

இவ்விடத்திலே டேர்பன் நகரத்தைக் குறிப்பிடாது விடமுடியாது. 1860ஆம் ஆண்டு தொடக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் பெருந்தொகையாக வாழும் நகரம் அது. ஒப்பந்தக் காலம் முடிந்தபின் காய்கறித் தோட்டஞ் செய்தோர் தம் விளைவை விற்பதற்கென, 1910ஆம் ஆண்டிலே அங்கே விடியற்சந்தை ஒன்று ஏற்பட்டது. நூறாண்டு நிறைவெய்தும் தறுவாயில், 2009ஆம் ஆண்டில், உலகக் கிண்ணத்துக்கு முன்னர் அதனை இடித்து நவீன வாணிப மாளிகை ஒன்றைக் கட்ட நகரசபை முனைந்தது. இந்திய வம்சாவளியினரும் ஆபிரிக்க வியாபாரிகளும் தோளோடு தோள் நின்று எதிர்த்தனர். மறியல் நடந்தது, வழக்கு நடந்தது. மாளிகை எழவில்லை. சந்தை நின்றது.

ஆட்டங்கள் தொடங்கின. முதல் நாளிலே உருகுவேயும் பிரான்சும் கோல் எதுவுமின்றிச் சமநிலையில் முடிக்க, கேப்டவுன் மக்கள் குளிரிலே வீடு திரும்பினர். அங்கே யூன் மாதம் மாரிகாலம். பின்னர் வட கொரியாவுக்கு எதிராகப் போர்த்துக்கல் ஏழு கோல்களை மழையிலே அடித்தது. செர்மனி நான்கு கோல்களால் ஆர்ஜன்ரீனாவை விரட்டியதும் இங்கேதான். யூலை 6ஆந் திகதி அரையிறுதியில் நெதர்லாந்து மூன்றுக்கு இரண்டாக உருகுவேயை வென்றது. ஒல்லாந்தர் தொடங்கிய நகரிலே ஒல்லாந்தர் வென்றனரே என்று அந்நாளிற் பலர் வேடிக்கையாகப் பேசியிருத்தல் கூடும்.

விளையாட்டைவிடச் சுவையானதொரு காட்சி அரங்குக்கு வெளியே நிகழ்ந்தது. புகையிரத நிலையத்துக்கு அருகிலிருந்து அரங்கு வரை சுமார் இரண்டரைக் கிலோமீற்றர் தூரத்தை, வாகனங்களை நிறுத்திவிட்டு, நடந்து செல்வோருக்கென்றே ஒதுக்கினர். இரசிகர் நடைவழி என்று அதற்குப் பெயர். வழியெங்கும் இசையும் கூத்தும். செவியைத் துளைக்கும் ஊதுகுழல்கள். ஆட்டச் சீட்டு வாங்க வசதியில்லாதோரும் வெறுமனே நடப்பதற்காகவே வந்தனர். இதில் என்ன புதுமை என்று நீங்கள் கேட்கலாம். வெள்ளையருக்கொரு வீதி, மற்றோருக்கொரு வீதி என்று சட்டம் போட்டுப் பிரித்துவைத்த நகரம் அது. சமவெளியிலிருந்து புகையிரதத்தில் வந்த தொழிலாளியும், மலைச்சாரல் மாளிகையிலிருந்து வந்த கனவானும் ஒரே தெருவிலே, ஒரே வேளையிலே, ஒரே திசையிலே, அச்சமின்றி நடந்த மாலைகள் அந்நகரின் வரலாற்றிலே மிகச் சில. கணக்கு ஏடுகளில் இதற்கு இடமில்லை. போட்டி தந்த நன்மைகளைச் சொல்லும்படி என்னைக் கேட்டால் இதனையே முதலிற் சொல்வேன்.

அந்த நடைவழியின் ஓரத்திலே ஒரு சிறு கட்டடம் இருக்கின்றது. 2003ஆம் ஆண்டில் கிரீன் பொயின்ற் பகுதியிலே மாடிக் கட்டடமொன்றுக்கு அத்திவாரம் தோண்டியபோது, பழைய காலத்து அடிமைகளும் ஏழைகளும் பெயரின்றிப் புதைக்கப்பட்ட மயானம் வெளிப்பட்டது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரின் எலும்புகள் எடுக்கப்பட்டன. பெரும் வாதப்பிரதிவாதங்களின் பின்னர் அவற்றை வைப்பதற்காக எழுப்பப்பட்ட நினைவகம் அது. கொம்பனியின் கப்பல்களிலே கீழைத் தேசங்களிலிருந்து சென்றவர்களின் எலும்புகளும் அவற்றிடையே இருக்கலாம். கொடிபிடித்து ஊதுகுழல் ஊதி நடந்த இலட்சக்கணக்கானோர் அதனைக் கடந்தே சென்றனர்.

கொண்டாட்டத்தினிடையே முணுமுணுப்பும் எழுந்தது. யூன் 13ஆந் திகதி இரவு டேர்பனில் ஆட்டம் முடிந்ததும், அரங்கில் வாயிற்காவல் புரிந்த இளைஞர் தமக்குப் பேசிய கூலி தரப்படவில்லையென்று கூடி நின்றனர். பொலிசார் கண்ணீர்ப்புகை வீசிக் கலைத்தனர். மறுநாள் கேப்டவுன் அரங்கின் காவலரும் அதே குறையோடு வேலையை விட்டு விலக, பொலிசாரே காவலை ஏற்கவேண்டியதாயிற்று. 440 கோடி ராண்டில் எழுந்த மண்டபத்தின் வாசலிலே ஒரு நாட் கூலிக்கு நடந்த வழக்கு இது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். போட்டிக்கென நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டார் வருவரென்று முன்னர் எதிர்பார்த்தனர். வந்தோர், தென்னாபிரிக்க அரசாங்கத்தின் கணக்குப்படி, சுமார் மூன்று இலட்சத்து ஒன்பதினாயிரம் பேர். நாடு முழுவதிலும் அவர்கள் செலவிட்டது ஏறத்தாழ 360 கோடி ராண்ட். அதாவது, வந்தவர் எல்லோரும் எல்லா நகரங்களிலும் உண்டும் உறங்கியும் செலவிட்ட முழுத்தொகையும் கேப்டவுன் அரங்கு ஒன்றின் விலைக்கே போதவில்லை. அதுவுங்கூட இலாபமன்று, விடுதிக்காரர் வாங்கிய மாமிசத்துக்கும் மின்சாரத்துக்கும் சென்றது போக மிஞ்சுவதே இலாபம்.

பொருளியல் அறிஞர் இதனைப் பற்றிச் சொல்லும் நியாயங்கள் எளியவை. ஆட்டம் பார்க்க வருபவனுக்காக விடுதி நிரம்பும்போது, வழக்கமாக வரும் பிரயாணி நெரிசலுக்கும் விலையேற்றத்துக்கும் அஞ்சி வராமலிருந்துவிடுகின்றான். உள்ளூர்க் குடும்பம் ஆட்டச் சீட்டுக்குக் கொடுக்கும் பணம், அவர்கள் வேறெங்கோ செலவிட்டிருக்கக்கூடிய பணமேயாகும். அது புதிதாகப் பிறந்ததன்று. நகரில் செலவாகும் பணத்திலும் பெரும்பங்கு நகரிலே தங்குவதில்லை. அரங்கினுள் விற்கும் பானம் முதல் தொலைக்காட்சி உரிமை வரை சம்மேளனத்துக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் உரியவை. 2007ஆம் ஆண்டு தொடக்கம் 2010ஆம் ஆண்டு வரையுள்ள நான்காண்டுகளில் சம்மேளனத்தின் வருமானம் 419 கோடி அமெரிக்க டொலர். இவற்றுள் முதல் நியாயம் கேப்டவுனுக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். யூன், யூலை மாதங்கள் அங்கே மழைக்காலம். விடுதிகள் வழக்கமாக வெறிச்சோடிக் கிடக்கும் பருவம். ஆகவே விரட்டப்பட்ட பிரயாணிகள் குறைவு. விமான நிலையத்தின் புதிய மண்டபம், புதுக்கிய புகையிரத நிலையம், தனிப்பாதையிற் செல்லும் புதிய பஸ் சேவை ஆகியன போட்டியை முன்னிட்டு விரைவுபெற்றன. அந்தப் பஸ் சேவை அம்மாதத்தில் விமான நிலையத்தையும் அரங்கையும் இணைக்கும் வண்டிகளாகத் தொடங்கி, 2011ஆம் ஆண்டில் முறையாக ஓடலாயிற்று. அரங்கை அடுத்துக் கிடந்த வெளியின் ஒரு பகுதி அழகிய பூங்காவாக மாற்றப்பட்டது. அதனை எதிர்த்தவர்களே இன்று தம் பேரக்குழந்தைகளோடு அங்கே உலாவுகின்றார்கள் என்று நினைக்கலாம்.

ஆயின் அரங்கு?

பிரான்சு தேசத்தின் பெரிய அரங்கை நடத்திய நிறுவனமும் தென்னாபிரிக்க நிறுவனமொன்றும் கூட்டாக முப்பது ஆண்டுக் குத்தகைக்கு அதனை ஏற்று நடத்துவதாக ஏற்பாடு. போட்டி முடிந்து சில மாதங்களே சென்றன. 2010ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், கணக்குப் பார்த்த அக்கூட்டு, நட்டமே மிஞ்சுமென்று கூறி விலகிக்கொண்டது. அரங்கு நகரசபையின் தலையிலே விழுந்தது. அறுபத்துநாலாயிரம் இருக்கைகளில் தற்காலிகமானவற்றைக் கழற்றி ஐம்பத்தையாயிரமாகக் குறைத்தனர். உள்ளூர் உதைபந்தாட்டக் கழகத்தின் ஆட்டங்களுக்குச் சில ஆயிரம் பேரே வந்தனர். பொது வெளியிலே கட்டப்பட்டதாதலால் கடைகளும் காரியாலயங்களும் நடத்த அனுமதிப் பத்திரமே தடையாயிருந்தது. புல் வளர்ந்தது, விளக்கு எரிந்தது, ஆண்டுதோறும் பல கோடி ராண்ட் நகர வரியிறுப்பாளரின் பணத்திலிருந்து சென்றது. வீட்டுக்காகப் பெயர் பதிந்து இலட்சக்கணக்கான குடும்பங்கள் காத்திருந்த நகரிலே இது நடந்தது. அரங்கை இடித்துவிடலாமென்றும், ஏழைகளுக்கான வீடுகளாக மாற்றலாமென்றும் பேச்செழுந்ததில் வியப்பில்லை.

விடை வந்த வழிதான் வியப்பு. நியூலண்ட்ஸ் மைதானத்துக்கு உரிய றகர் சங்கம் பல ஆண்டுகள் மறுத்து நின்று, ஈற்றில் தன் பழைய வீட்டை விட்டு 2021ஆம் ஆண்டில் கிரீன் பொயின்ற்றுக்குக் குடிவந்தது. 2022ஆம் ஆண்டு யூன் மாதத்திலும் 2023ஆம் ஆண்டு மே மாதத்திலும் ஐந்து நாட்டுக் கழகங்கள் போட்டியிடும் றகர் தொடரின் இறுதியாட்டங்கள் அங்கே நடைபெற்றன. பின்னையதற்கு அரங்கு நிரம்பி வழிந்தது. உதைபந்தாட்டத்துக்கென உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் விருப்பப்படி எழுந்த மண்டபத்தைப் பதினோராண்டுகளின் பின் காப்பாற்ற வந்தது றகர் ஆட்டம். 1890ஆம் ஆண்டு தொடக்கம் ஆரவாரித்த நியூலண்ட்ஸ் மௌனமாயிற்று. அத்லோனின் பிள்ளைகள் முன்போலவே மணற்றரையில் பந்தை உதைக்கின்றனர்.

இவற்றையெல்லாம் பிற நகரங்கள் கவனியாமல் இருக்கவில்லை. 2026ஆம் ஆண்டுப் போட்டிக்கென அமெரிக்க ஐக்கிய நாடுகளும் கனடாவும் மெக்சிக்கோவும் கூட்டாக விண்ணப்பித்தபோது, சிக்காகோ, மினியாப்பொலிஸ், வன்கூவர் ஆகிய நகரங்கள் 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே விலகிக்கொண்டன. செலவுக்கு எல்லை எதுவென்று சம்மேளனம் தெளிவாகச் சொல்லவில்லை என்பது அவை கூறிய காரணம். மொன்றியல் நகரம் 2021ஆம் ஆண்டில் விலகிற்று. அதன் பின்னர், 2022ஆம் ஆண்டிலே, வன்கூவர் தன் மனத்தை மாற்றிக்கொண்டு மீண்டும் வந்து சேர்ந்தது. ஏற்கெனவே அங்கே அரங்கொன்று இருந்தமையால், புதிதாகக் கட்டவேண்டிய தேவை அதற்கு இருக்கவில்லை.